வாலுவுக்குத் தனித் தாள்

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். பெட்டியின் ஒரு சக்கரம் நடைமேடையிலேயே கழன்றுவிட்டது. நான்கு மாடிக்கும் அதைத் தூக்கிக்கொண்டுதான் ஏறினேன். லிஃப்ட் இல்லாமல் இல்லை. ‘பழுது’ என்று அதில் ஒட்டிய காகிதமே பழுப்பேறிக் கிடக்கிறது.

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மூலையில் முகம் கழுவும் தொட்டி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் பின்சுவர், கை நீட்டினால் எட்டும். கீழே சாவி வெட்டுகிற கடை. காலை எட்டு மணிக்கு இயந்திரத்தைப் போட்டால் பல்லை ராவுகிற சத்தம். நீ செயற்கைப் பல் கட்டுகிற கூடத்திலேயே குடியிருப்பது போல இருக்கிறது.

இந்தப் பேட்டையில் கட்டிடம் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். முதல் நாள் மாலை கடைக்குப் போய்த் திரும்பி, மூன்றாம் மாடியில் யாரோ ஒருவர் வீட்டுப் பூட்டில் என் சாவியை விட்டுத் திருகிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து ஒருவர் கதவைத் திறந்து, “இன்னும் ஒரு மாடிம்மா” என்று சொல்லிச் சாத்திவிட்டார். என்னைப் போல் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாரோ.

லத்தீன் மேற்படிப்பு வகுப்பில் ஒன்பது பேர். எனக்கு முப்பத்தேழு. மற்ற எட்டுப் பேருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அதில் நான்கு பேர் பள்ளிக்கூடத்திலிருந்தே லத்தீன் படித்தவர்கள். பேராசிரியை குள்ளமாக இருக்கிறார், குரலை உயர்த்துவதே இல்லை. “நீங்க லத்தீன் எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார். தாவரக் காட்சியகத்தில் பதினொரு வருஷம் காய்ந்த செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதினேன், பழைய வர்ணனைகள் லத்தீனில்தான் இருக்கும், அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன், பிறகு தபால் வழியில் பட்டம் வாங்கினேன் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது.

காட்சியகத்தை மூடியதும் எனக்கு வேறு வழி தெரியவில்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தால் ஆவணக் காப்பகத்தில் வேலை கிடைக்கும். வாலுவின் அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனபோதே, இனி யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று சொன்னேன். கடைசியில் உன் கையில்தான் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நீ சொன்னபடி அவள் தூங்கும்போதே கிளம்பினேன். போர்வையை இழுத்து விட்டேன், அவ்வளவுதான். சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டுமோ என்று வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது.

உன் வேலையிடத்துக்குப் போன் செய்தால் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆகவே கடிதம்தான். இத்துடன் வாலுவுக்கு ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். அவளே படிக்கட்டும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அவசரப்படுத்தாதே. பதிலும் அவள் கையாலேயே எழுதட்டும்.

சின்னவள்


செப்டம்பர் 15

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. நான்கு மாடி ஏறியதை விலாவாரியாக எழுதியிருந்தாய். இங்கே நாங்கள் ஏறி இறங்கியதை எழுதினால் நீ அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிடுவாய் என்றுதான் எழுதாமல் இருந்தேன். ஆனாலும் எழுதுகிறேன். தெரிந்துகொள்.

அன்று காலை எழுந்தவள் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். அழவில்லை. உன் பழைய செருப்பு வாசலில் கிடந்தது, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூடம் போகவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. உன் அத்தான் பணிமனைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஊரெல்லாம் பஸ் பழுதாகி நிற்க, மெக்கானிக் இங்கே செருப்புக்குக் காவல்.

இப்போது சரியாகிவிட்டாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், போன வாரம் கணக்கில் முழு மதிப்பெண்ணும் வாங்கினாள்.

தாளைக் கொடுத்தேன். படித்தாள். பதில் எழுது என்றேன், “அப்புறம்” என்றாள். வற்புறுத்தவில்லை. நீயும் வற்புறுத்தாதே. அடிக்கடி எழுதவும் செய்யாதே. புண் இப்போதுதான் ஆறுகிறது, அதைச் சொறிந்துவிடாதே.

தூங்கும்போது போ என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நான் சொன்னது உண்மைதான். முடியாது என்று சொல்ல உனக்கும் வாய் இருந்தது.

எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஒரே வாரத்தில் ஆறு பேருக்கு மேல்வரிசைப் பல்செட். மெழுகும் மாவுமாகக் கை வெடித்துப் போயிருக்கிறது. முந்தியெல்லாம் வீட்டுக்கு வந்தால், அவர் பணிமனையிலிருந்து வரும் வரை நானும் சுவரும்தான். இப்போது ஒருத்தி காத்திருக்கிறாள். அது ஒன்றுதான்.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இது அவளுக்கு நான் எழுதும் ஐந்தாவது தாள். நடுவில் மூன்றைத் தனி உறையில் அனுப்பினேன், வந்திருக்கும். அடிக்கடி எழுதாதே என்கிறாய். எழுதாமல் என்னால் முடியவில்லை. அவள் ஒரு வரி எழுதினால் போதும். ஒரு வரிகூட வேண்டாம், ஒரு கோடு கிழித்து அனுப்பட்டும்.

இங்கே எனக்கு எதுவும் சரியாக இல்லை. யாரிடமும் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

பழைய சீட்டுகளில் நான் கற்ற லத்தீனில் இலை உண்டு, தண்டு உண்டு, வேர் உண்டு, மனிதர்கள் கிடையாது. ‘நீள்வட்டமான, ஓரம் ரம்பம் போன்ற’ என்றால் தூக்கத்திலும் சொல்வேன். ஒருத்தி இன்னொருத்தியிடம் கோபித்துக்கொண்டாள் என்று வந்தால் திணறிப்போகிறேன். வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வந்து நிற்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அந்தக் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

திங்கட்கிழமை ஒரு சோதனை வைத்தார்கள். அகராதி கிடையாது. ‘லீபெரி’ என்று ஒரு சொல் வந்தது. சுதந்திரமானவர்கள் என்றும் பொருள், பிள்ளைகள் என்றும் பொருள். இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ‘படை நெருங்கியதும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை மலைக்கு அனுப்பினார்கள்’ என்பது வாக்கியம். நான் ‘பெண்கள் தங்கள் சுதந்திரர்களை மலைக்கு அனுப்பினார்கள்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். பேராசிரியை பெயர் சொல்லாமல் அதை வாசித்தார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னுடையது என்று தெரியக் கூடாதே என்று.

இன்னொன்றும் உண்டு. விண்ணப்பத்தில் ‘உங்கள் பொறுப்பில் உள்ளவர்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘யாருமில்லை’ என்று எழுதினேன். பிள்ளை இருக்கிறாள் என்றால் இடம் தரமாட்டார்களோ என்ற பயம். எனக்கு ஒரு மகள் இருப்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவள் படத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஏதோ திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி.

இந்தத் தெருவில் என்னோடு பேசுவது ரொட்டிக் கடைக்காரி ஒருத்திதான். அவளும் “பை இருக்கா?” என்பதற்கு மேல் பேசுவதில்லை.

அவளை எழுதச் சொல், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சின்னவள்


அக்டோபர் 14

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உனக்காக வருத்தப்படுகிறேன், நம்பு.

எழுதச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு மனமில்லை. குழந்தைகள் அப்படித்தான், கண்ணில் படாதது நெஞ்சில் எத்தனை நாள் நிற்கும்? இதைச் சொல்வதற்காக என்னைத் திட்டாதே.

ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சிக்கில் சீப்பு மாட்டி இழுத்துவிட்டது. “வலிக்குதும்மா” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் காதில் விழாத மாதிரி வாரிக்கொண்டே இருந்தேன். உன் அத்தானிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “இது நம்ம பிள்ளை இல்லை. ஞாபகம் வச்சுக்கோ” என்றார். இருபது வருஷமாக அந்த மனிதர் என்னிடம் கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை.

நான் யோசித்து யோசித்து இதை எழுதுகிறேன். நீ அங்கே உனக்கு யாருமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் இங்கே என்னைக் கேட்கிறார்கள், நீங்கள் இந்தப் பிள்ளைக்கு யார் என்று. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் பெரியம்மா, பெரியம்மா என்று சொல்லி நிற்கிறேன். இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அவளை எங்களுக்கே சட்டப்படி கொடுத்துவிடு. நீ அவளுக்குச் சித்தி மாதிரி வந்து போகலாம். நீ நிம்மதியாகப் படிக்கலாம். அவளுக்கும் வீடு என்று ஒன்று நிலையாக இருக்கும்.

நீ இன்னும் பெறலாம். எனக்கு அந்தக் கதவு சாத்திப் பதினான்கு வருஷமாகிறது.

கோபப்படு. ஆனால் யோசித்துவிட்டுக் கோபப்படு.

அக்கா


அக்டோபர் 30

அக்கா,

படிவம் வந்த அன்று கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கை வரவில்லை. மேசை மேல் வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது சோதனையிலும் தோற்றேன். பேராசிரியை அறைக்குக் கூப்பிட்டார். “டிசம்பர் பன்னிரண்டாம் தேதி தகுதித் தேர்வு. அதுல தேறலைன்னா உங்க இடத்தைப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்” என்றார். “உங்களுக்கு உழைப்பு இருக்கு, ஆனா உங்க மனசு இங்க இல்லை. எங்க இருக்கு?” என்றும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் விண்ணப்பத்தில் பொய் சொன்னது வெளியே வரும்.

அறைக்கு வந்து படுத்தவள்தான், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலா வேறு ஏதாவதா தெரியாது. தண்ணீர் குடிக்கத் தொட்டி வரை போக வேண்டும் என்பதே பெரிய பயணமாக இருந்தது. இப்படியே போய்ச் சேர்ந்தால் யாருக்கு என்ன என்று நினைத்தேன். ‘யாருமில்லை’ என்றுதானே எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பூட்டுக்குள் ஏதோ குடைகிற சத்தம். கதவைத் திறந்துகொண்டு கீழ்க் கடைச் சாவிக்காரர் நிற்கிறார். இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாத மனிதர். “மூணு நாளா மாடிப்படில உங்க காலடிச் சத்தம் கேக்கலை. தட்டினேன், பதிலில்லை. செத்துக்கித்துப் போயிட்டீங்களோன்னு வந்தேன்” என்றார். நான் சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. அவர் கீழே போய்ச் சூடாகப் பால் வாங்கிவந்து வைத்துவிட்டு, திறந்த பூட்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

பாலைக் குடித்தபோது நினைத்தேன். முன்பின் தெரியாத ஒருவர் என் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பெற்றவள் ஏழு தாளுக்கு ஒரு வரி எழுதவில்லை. அப்படியானால் நீ சொல்வதுதான் சரி. நான் அவளுக்கு முடிந்துபோனவள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். இதைப் பெட்டியில் போட நாலு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பினேன் என்பதை மட்டும் நீ தெரிந்துகொள். நல்லபடியாக வளர்த்துக்கொள். தலை வாரும்போது நுனியிலிருந்து சிக்கெடு, வலிக்காது.

இனி தனித் தாள் கிடையாது.

சின்னவள்


நவம்பர் 10

என் தங்கைக்கு,

முதலில் இது: வாலு நன்றாக இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. இதைப் படித்த பிறகு மற்றதைப் படி.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடினேன். உன் கடிதத்தில் நீ சாகக் கிடந்ததைப் படித்துவிட்டு, அடுப்படியில் நின்று பாடினேன். நான் யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

படிவத்தை என் தகரப் பெட்டியில் வைத்தேன். எப்போதும் பூட்டுகிற பெட்டி. சந்தோஷத்தில் பூட்ட மறந்துவிட்டேன்.

அந்தப் பெட்டியில்தான் உன் தாள்கள் ஏழும் இருந்தன. நான் ஒன்றைக்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் உனக்கு எழுதிய கடிதங்கள் ஒன்பதும் அதில்தான் இருந்தன. நான் ஒன்றைக்கூட அனுப்பவில்லை. “அனுப்பிட்டியா பெரியம்மா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். “அனுப்பிட்டேன்டா” என்பேன். “அம்மா ஏன் பதில் போடலை?” என்பாள். “படிப்பு அப்படி” என்பேன்.

முதல் கடிதத்தைத் திட்டம் போட்டு மறைக்கவில்லை. அழுவாளே, இரண்டு நாள் போகட்டும் என்று வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் ஏன் மறைத்தாய் என்று கேட்பாளே என்று பயம். இரண்டாவது வந்தது. பிறகு எதையும் நிறுத்த முடியவில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்தது இப்படி.

சனிக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தரையெல்லாம் பரப்பியிருந்தாள். தாள்களைக் காணோம். அவளையும் காணோம். பள்ளிப்பையையும் காணோம். தெருத் தெருவாக ஓடினேன். எந்த வீட்டுக் கதவைத் தட்டினேன், யாரிடம் என்ன கேட்டேன், ஒன்றும் நினைவில்லை. ஒரு கால் செருப்பு எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது.

நகரப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நின்றிருக்கிறாள், உன் விலாசம் எழுதிய உறையைக் கையில் பிடித்துக்கொண்டு. உன் அத்தானோடு வேலை பார்க்கும் ஓட்டுநர் ஒருவர் அடையாளம் கண்டு பணிமனைக்குச் சொல்லியனுப்பினார். உன் அத்தான் போய்க் கூட்டிவந்தார்.

வீட்டுக்குள் வந்தவள் என்னைப் பார்த்து, “அம்மா எனக்கு ஏழு எழுதியிருக்கா. நீ ஒண்ணுகூடத் தரலை” என்றாள். கத்தவில்லை. எண்ணிச் சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உன் அத்தானும் பேசவில்லை. இந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், கடிகாரம்தான் பேசுகிறது.

படிவத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன், துண்டுகளை ஒட்டினாலும் சேராதபடி. அவள் எழுதிய ஒன்பதும் இந்த உறையிலேயே இருக்கின்றன. என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்.

அக்கா என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.


நவம்பர் 17

ஒன்பதையும் படித்துவிட்டேன். படிகளில் உட்கார்ந்து படித்தேன், அறை வரை ஏற முடியவில்லை.

முதல் கடிதத்தை நீ படித்தாயா? படித்திருப்பாய். இருந்தாலும் இங்கே எழுதுகிறேன், என் கையாலும் ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும்: ‘அம்மா நீ போகும்போது நான் முழிச்சுத்தான் இருந்தேன். நீ போர்வையை இழுத்து விட்டப்போ கண்ணை மூடிக்கிட்டேன். நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீ அழுவே. ரயில் போயிடும்.’

எட்டு வயதுப் பிள்ளை எனக்காகத் தூங்குகிற மாதிரியும், காலையில் உனக்காக என்னைத் தேடுகிற மாதிரியும் நடித்திருக்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு நீ இரண்டு மாதம் பெட்டியைப் பூட்டிப் பூட்டித் திறந்திருக்கிறாய்.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. உன்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு என்மேலும் இருக்கிறது. பெற்ற பிள்ளையை ஒரு கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவள் நான். நீ பறித்தாய், நான் கொடுத்தேன். எது பெரிய பாவம் என்று எடை போடும் தெம்பு எனக்கு இல்லை.

இன்று பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விண்ணப்பத்தில் எழுதிய பொய்யையும் சொன்னேன். பெட்டி கட்டிக்கொண்டு போகத் தயாராகத்தான் போனேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்” என்றார். பிறகு, “துறை நூலகத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கு. பள்ளிக்கூடம் கிடைக்கிற வரைக்கும் பிள்ளை அங்க உக்காரலாம். ஆனா தேர்வுல உங்களுக்குச் சலுகை கிடையாது” என்றார். விண்ணப்பத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அந்தக் கட்டத்தில் ‘ஒரு மகள்’ என்று எழுதினேன். இரண்டே சொல், நான் இந்த ஊரில் தப்பில்லாமல் எழுதிய முதல் வாக்கியம்.

சாவிக்காரரிடமும் சொன்னேன். பழைய கட்டில் ஒன்று வைத்திருக்கிறாராம், கால் ஆடுமாம், சரி செய்து தருகிறேன் என்றார்.

வாலுவைக் கொண்டுவந்து விடு. அத்தானை அனுப்பாதே. நீயே வர வேண்டும். நீயே அவள் கையைப் பிடித்து வந்து என் கையில் கொடுக்க வேண்டும். வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.


டிசம்பர் 1

சின்னவளுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

நான்கு மாடி ஏறும்போது அவள் என் கையை விடவில்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்தவள், படியேற ஆரம்பித்ததும் தானாகவே வந்து பிடித்துக்கொண்டாள். மூன்றாம் மாடியில் நின்று, “பெரியம்மா, நீயும் இருப்பியா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் நீ மேலே கதவைத் திறந்துவிட்டாய்.

நீ என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவளை உன் கையில் கொடுத்தபோது உன் விரல்கள் என்மேல் பட்டன. எலும்பாக இருந்தாய். அடுப்பு மூட்டி ஏதாவது பொங்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. எந்த முகத்தோடு?

அவளுக்குக் கீழ்வரிசையில் இடதுபக்கம் ஒரு பால்பல் ஆடுகிறது. பிடுங்காதே, தானே விழட்டும். மழையில் நனைந்தால் உடனே இருமல் பிடிக்கும். ஏழின் பெருக்கல் வாய்ப்பாட்டில் மட்டும் தடுமாறுவாள். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழை இத்துடன் அனுப்புகிறேன்.

இன்று காலை பழக்கத்தில் அவள் டிபன் டப்பாவையும் கழுவிச் சோறு கட்டிவிட்டேன். வேலையிலும் கை ஓடவில்லை. ஒருவர் வாய்க்கு எடுத்த அச்சில் இன்னொருவருக்குப் பல் கட்டிவிட்டேன். முதலாளி திட்டவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டுக்குத்தான் போக முடியவில்லை. பேருந்து நிலையத்தில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனேன்.

உன் அத்தான் நேற்று முதல்முறையாகப் பேசினார். “நீ கெட்டவ இல்லை. ஆனா கெட்டது செஞ்சுட்டே” என்றார். அது போதும் எனக்கு. அதற்கு மேல் யாரும் சொல்ல ஒன்றுமில்லை.

தேர்வை நன்றாக எழுது.

அக்கா


டிசம்பர் 21

அக்கா,

தேர்வில் தேறவில்லை. நான்கு மதிப்பெண் குறைவு. இடத்தை எடுக்கவில்லை, மார்ச்சில் இன்னொரு தடவை எழுத விட்டிருக்கிறார்கள். அதுதான் கடைசி. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது பேராசிரியை, “போன தடவை மொழியே தப்பு. இந்தத் தடவை இலக்கணம்தான் தப்பு. இது திருத்தக்கூடியது” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. நம்பிக்கொண்டு படிக்கிறேன்.

வாலு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதல் வாரம் என்னை விட்டு நகரவில்லை. தொட்டியில் முகம் கழுவினால்கூடப் பின்னால் வந்து நிற்பாள். ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டாள்: “மறுபடியும் எப்ப போவே? சொல்லிட்டுப் போவியா, சொல்லாமப் போவியா?” போகவே மாட்டேன் என்றேன். “சரி” என்றாள். நம்பவில்லை, எனக்காகச் சரி என்றாள்.

இரண்டாம் வாரம் அழ ஆரம்பித்தாள். என்னை வேண்டும் என்றல்ல. உன்னை வேண்டும் என்று. “பெரியம்மாகிட்ட போகணும்” என்று கதவோரம் உட்கார்ந்து ஒரு மாலை முழுதும் அழுதாள். உன் பெரியம்மா என்ன செய்தாள் தெரியுமா என்று வாய் வரை வந்துவிட்டது. அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அழுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் தொட்டால் தோளை ஒடுக்கிக்கொண்டாள், எழுந்து போனால் நிமிர்ந்து பார்த்தாள். அதனால் தொடாமல், போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

பால்பல் போன புதன்கிழமை தானாக விழுந்தது.

அன்று சாயங்காலம் நூலகத்தில் உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான்கு பக்கம். எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டாள். உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, “அனுப்பிடுவியா?” என்று கேட்டாள். “அனுப்பிடுவேன்” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை உனக்கும் தெரிந்திருக்கும்.

அந்த உறை நாலு நாள் என் பையில் இருந்தது. தபால் பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது, தினம் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போகிறேன். முதல் நாள் மறந்துவிட்டதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் அப்படிச் சொல்லவில்லை. நாலு பக்கம் எனக்கு அவள் எழுதியதே இல்லை. இது போனால் நீ எழுதுவாய், நீ எழுதினால் அவள் உன்னை நினைப்பாள், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், என்னோடு பழகட்டும், பிறகு அனுப்பலாம் என்று நினைத்தேன். இந்த வார்த்தைகளை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. உன் கையெழுத்தில் படித்திருக்கிறேன்.

நேற்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுதான் தாங்கவில்லை.

இன்று காலை அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பெட்டிக்குள் அவள் கையாலேயே போடட்டும். உறையை நான் பிரிக்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் தனியாக வரும், அவளுடையதோடு சேர்த்து வைக்கவில்லை.

பதில் போடு. எனக்கு வேண்டாம், இப்போதைக்கு. அவளுக்குப் போடு. உறையின் மேல் அவள் பெயரையே எழுது. நான் அதைப் பிரிக்காமல் கொடுப்பேன்.

சின்னவள்